கோப்புத் தெரிவுப் பெட்டி: கணினிக்குத் தெரிந்ததை மனிதரிடம் கேட்கலாமா?

க்னோம், கேடிஇ முதலான கட்டற்ற டெஸ்க்டாப் சூழல்களை உருவாக்கும் நிரலாளர்கள், வடிவமைப்பாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

கோப்புத் தெரிவுப் பெட்டி இரண்டே கேள்விகளுக்காகத் திரையில் எழுகிறது. எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பது ஒன்று. எழுதியதை எந்தப் பெயரில், எங்கே வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. மின்னஞ்சலில் படம் இணைப்பவரும், தேர்வு விண்ணப்பத்தில் சான்றிதழ் ஏற்றுபவரும், பாதி எழுதிய கட்டுரையை மூடிவைப்பவரும் இந்தச் சாளரத்தைக் கடந்துதான் போக வேண்டும். அதற்காகவே யாரும் கணினி முன் உட்காருவதில்லை. அது வேலைக்கு நடுவே வரும் வாசற்படி. படி உயரமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கால் இடறும். இடறியவர் படியைக் குறைசொல்லாமல் தம் காலையே நொந்துகொள்வார். கணினியோடு அதிகம் பழகாதவர்கள் ‘எனக்குத்தான் தெரியவில்லை’ என்று பின்வாங்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் பெட்டியின் தரத்தை ஒரே அளவுகோலால் அளந்துவிடலாம். அது கேட்கும் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி கணினிக்கு முன்பே தெரியும். சற்று முன் இறக்கிய கோப்பு எது, பக்கத்துச் சாளரத்தில் திறந்து கிடக்கும் கோப்புறை எது, இதே செயலி நேற்று எங்கிருந்து படம் எடுத்தது, அந்தப் படம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதெல்லாம் நினைவகத்திலோ வட்டிலோ பதிவாகியிருக்கிறது. அதை எடுத்து முன்னால் வைத்தால் நல்ல பெட்டி. அதை மறைத்துவிட்டு, மனிதரை முதல் கோப்புறையிலிருந்து மறுபடி நடக்கவைத்தால் அது குறையுள்ள பெட்டி. கட்டற்ற மென்பொருளின் கோப்புப் பெட்டிகளில் நிகழ்ந்த முன்னேற்றம் முழுவதையும், இன்னும் மிச்சமிருக்கும் குறை முழுவதையும் இந்த ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க முடியும்.

குறையின் வேர் பழையது. 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினி ஒரு நேரத்தில் ஒரே செயலியைத்தான் ஓட்டியது. எழுதும் செயலி திறந்ததும், கோப்புகளைக் காட்டும் ஃபைண்டர் விலகிக்கொள்ளும். செயலிக்குள் இருப்பவர் வேறொரு கோப்பைத் திறக்க வேண்டுமானால் அவருக்கு ஃபைண்டர் கிடையாது. ஆகவே ஆப்பிள் எல்லாச் செயலிகளும் அழைத்துக்கொள்ளும்படி ஒரு பொதுப் பெட்டியைச் செய்துவைத்தது. ஒரு பட்டியல், சில பொத்தான்கள், அவ்வளவுதான். விண்டோஸில் இத்தகைய பொதுப் பெட்டி 1992இல் விண்டோஸ் 3.1 உடன் வந்தது. இடப்பக்கம் கோப்புகள், வலப்பக்கம் கோப்புறைகள், கீழே டிரைவ். பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து.

இல்லாத கோப்பு மேலாளருக்குப் பதிலாகத்தான் இந்தப் பெட்டி பிறந்தது. பல செயலிகள் ஒருங்கே ஓடும் காலம் வந்த பிறகும் அது அந்தத் தனிமையை விடவில்லை. கோப்பு மேலாளர் பக்கத்திலேயே திறந்திருக்கும். தேவையான கோப்புறை கண்ணெதிரே இருக்கும். பெட்டியோ வேறெங்கோ திறக்கும். வேறு வழி இல்லாமலும் இல்லை. ஏகார்ன் நிறுவனத்தின் ரிஸ்க் ஓஎஸ் கணினிகளில் சேமிப்பதற்குப் பெட்டிக்குள் கோப்புறை தேடும் பழக்கமே கிடையாது. பெயரும் ஒரு சின்னமும் கொண்ட சிறு சாளரம் வரும். அந்தச் சின்னத்தை இழுத்து, திறந்திருக்கும் கோப்புறைச் சாளரத்தில் போட்டால் கோப்பு அங்கே சேமிக்கப்படும். எங்கே வைப்பது என்ற கேள்விக்குத் திரையே விடை சொன்னது. லினக்ஸில் ராக்ஸ் டெஸ்க்டாப் இந்த முறையைப் பின்பற்றியது, ஆனால் பரவவில்லை.

கட்டற்ற உலகில் இந்தக் கதைக்கு நடுநாயகமாக நிற்பது ஜிடிகே என்ற நிரல் தொகுதியின் பெட்டி. இதன் பழைய வடிவம் இரண்டு பட்டியல்களும் ஒரு தட்டச்சுக் கட்டமுமாக இருந்தது. 2004 மார்ச்சில் ஜிடிகே 2.4 வந்தபோது அதை முற்றிலும் மாற்றிப் புதிய பெட்டி எழுதினார்கள். இடப்பக்கம் இடங்களின் பட்டியல், மேலே பாதையைக் காட்டும் பொத்தான்கள், நடுவே கோப்புகள் என்ற அமைப்பு அப்போது வந்தது. எளிய பயனருக்கு அது நல்ல மாற்றம். அதிலும் ஒரு காரியம் தனியே பாராட்டுக்குரியது. கோப்பு மேலாளரில் ஒருவர் குறித்துவைக்கும் கோப்புறைகள் பெட்டியின் ஓரப்பட்டியலிலும் தாமாகவே தோன்றின. கணினிக்குத் தெரிந்ததைப் பெட்டிக்குள் கொண்டுவரும் வழக்கத்தின் முதல் அடி அது.

அடுத்த அடிக்கு நெடுங்காலம் ஆயிற்று. கோப்புகளைச் சிறுபடங்களாகக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை அதே 2004இல் பதிவானது. அது நிறைவேறியது 2023 மார்ச்சில், ஜிடிகே 4.10 வெளியீட்டில். இடையில் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த ஆண்டுகளில் லினக்ஸுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர் ‘ஐஎம்ஜி 2034’, ‘ஐஎம்ஜி 2035’ என்று கேமரா இட்ட பெயர்களின் நீண்ட வரிசையை வெறித்துப் பார்த்தார்கள். எது குழந்தையின் படம், எது ரேஷன் அட்டையின் படம் என்று அறியக் கோப்பு மேலாளரைத் தனியே திறந்து, எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குத் திரும்பினார்கள். இத்தனைக்கும் ஜிடிகே பிறந்ததே ஜிம்ப் என்ற படத்திருத்தச் செயலிக்காக. அதன் பெயரின் முதல் எழுத்தே ஜிம்ப்பைக் குறிப்பது.

இதில் வேதனையான செய்தி, அந்தச் சிறுபடங்கள் கணினியிலேயே இருந்தன என்பது. ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் பொது வரையறைப்படி கோப்பு மேலாளர் ஒரு கோப்புறையைக் காட்டும்போது 128 புள்ளி அல்லது 256 புள்ளி அளவில் சிறுபடங்களை உண்டாக்கிப் பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் ஒரு மறைவிடத்தில் சேர்த்துவைக்கும். எந்தச் செயலியும் அதை எடுத்துக் காட்டலாம். கேடிஇயின் பெட்டி முன்னோட்டங்களைக் காட்டியது. ஜிடிகேயின் பெட்டியில், ஒரு கோப்பைத் தெரிவு செய்த பிறகு பக்கவாட்டில் அதன் முன்னோட்டத்தைக் காட்டும் வசதி மட்டும் இருந்தது. அதையும் ஒவ்வொரு செயலியும் தானே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாத செயலியில் அதுவும் இல்லை.

தாமதத்துக்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது அநியாயம். பழைய ஜிடிகேயின் பட்டியல் கருவி பெயர்களை வரிசையாக அடுக்குவதற்காக எழுதப்பட்டது. ஆயிரக்கணக்கான படங்களைக் கட்டமிட்டுக் காட்டினால் அது திணறும். 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4, கண்ணுக்குத் தெரியும் வரிசைகளுக்கு மட்டும் உறுப்புகளை உண்டாக்கி, உருளும்போது அவற்றையே மறுபடி பயன்படுத்தும் புதிய கருவிகளைக் கொண்டுவந்தது. அந்த அடித்தளம் வந்த பின்புதான் கட்டக் காட்சி எளிதாயிற்று. இதைச் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களுக்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆனாலும் கோரிக்கை வந்த நாளிலேயே ‘இது அலங்காரம்’ என்று எண்ணாமல் ‘இது அடையாளம்’ என்று எண்ணியிருந்தால், இடைக்கால வழி ஏதாவது பிறந்திருக்கும். படத்துக்குப் பெயர் வைப்பது கேமரா. மனிதர் அதைக் கண்ணால்தான் அறிவார். மனிதர் நினைவிலிருந்து சொல்ல வேண்டியதைக் குறைத்து, பார்த்து அடையாளம் காண்பதைக் கூட்ட வேண்டும் என்பது 1994இல் இடைமுக ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் வகுத்த பத்து விதிகளில் ஒன்று.

வேலை இன்னும் முடியவில்லை. 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0, ஜிடிகே 3இன் மீது எழுதப்பட்டது. அப்படிப் பழைய பதிப்புகளில் நிற்கும் செயலிகளுக்கு 4.10இன் பெட்டி தானாக வந்து சேராது. ஒரே கணினியில் ஒருவர் மூன்று நான்கு வகைப் பெட்டிகளைச் சந்திக்கிறார். ஒன்றில் படம் தெரியும், ஒன்றில் தெரியாது. ஒன்றில் ‘திற’ பொத்தான் மேலே வலப்பக்கம், இன்னொன்றில் கீழே. பழகிய கை ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறது.

பெட்டி எந்தக் கோப்புறையில் திறக்கிறது என்பது சிறுபடத்தை விடவும் பெரிய விஷயம்; ஆனால் அதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஜிடிகே 3இல் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘அண்மையில் பயன்படுத்தியவை’ பட்டியலோடு திறப்பது இயல்பான முறை. செயலி ஓடும் கோப்புறையில் திறப்பது மற்றது. மாற்றிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது, ஆனால் கட்டளை வரியையோ தனியே நிறுவும் அமைப்புக் கருவியையோ தொடாதவர் அதைக் காணவே முடியாது. இரண்டுமே பெரும்பாலானோருக்கு முழு விடை ஆகாது. அண்மைக் கோப்புகளின் பட்டியல் திறப்பதற்கு நல்லது, சேமிப்பதற்கு ஆகாது. சேமிப்பவருக்கு வேண்டியது கோப்பு அல்ல, இடம். செயலி ஓடும் கோப்புறையோ டெஸ்க்டாப்பில் சின்னத்தைச் சொடுக்கித் திறப்பவருக்குப் பொருளே இல்லாத ஒன்று.

மனிதர் கோப்பை நாடும் விதத்தைக் கவனித்தால் வரிசை தானாகத் தெரியும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஆவணத்தை வேறு பெயரில் சேமிக்கும்போது, அந்த ஆவணம் இருக்கும் கோப்புறையே முதல் இடம். புதிய ஆவணமாக இருந்தால், அதே செயலியில் அதே வகை வேலைக்குக் கடைசியாகப் பயன்பட்ட கோப்புறை. ‘அதே வகை வேலை’ என்பது முக்கியம். பக்கவடிவமைப்புச் செயலியில் படம் இறக்குமதி செய்யும் கோப்புறை வேறு, அச்சுக்கான பிடிஎஃப் போகும் கோப்புறை வேறு. இரண்டையும் ஒரே நினைவில் வைத்தால் ஒன்று மற்றதை அழித்துக்கொண்டே இருக்கும். இறுதியாக, அப்போது திரையில் திறந்திருக்கும் கோப்பு மேலாளர் சாளரங்களின் இடங்கள் பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு பட்டியலாக வர வேண்டும். மெக் கணினிக்கு டீஃபால்ட் ஃபோல்டர் எக்ஸ் என்ற துணைச்செயலி நெடுங்காலமாக இதைத்தான் விற்கிறது: பின்னால் தெரியும் ஃபைண்டர் சாளரத்தைச் சொடுக்கினால் பெட்டி அந்த இடத்துக்குத் தாவும். காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு மக்களுக்கு இந்தத் தேவை இருக்கிறது.

கோப்பு மேலாளரிலிருந்து ஒரு கோப்பை இழுத்துப் பெட்டியின் பட்டியலில் போட்டால் அந்த இடத்துக்கே போகும் வசதி மெக்கில் உண்டு. ஜிடிகே 3இலும் உண்டு. பல ஆண்டு லினக்ஸ் பயனர்களிடமே இது புதிய செய்தியாக விழும், ஏனென்றால் பெட்டியில் எதுவும் அதைச் சொல்வதில்லை. கோப்பை இழுத்துக்கொண்டு மேலே வரும்போது பட்டியலின் ஓரம் நிறம் மாறினால்கூடப் போதும்.

விசைப்பலகைப் பழக்கம் உள்ளவர்களின் குறை வேறு வகை. பட்டியலில் நின்றுகொண்டு ‘ச’ என்று தட்டினால் ‘ச’வில் தொடங்கும் முதல் கோப்புக்குத் தாவுவது பழைய முறை. க்னோமின் கோப்பு மேலாளரான நாட்டிலஸ், 2012இல் வந்த 3.6 பதிப்பில் இதை எடுத்துவிட்டுத் தேடலை வைத்தது. ஜிடிகேயின் பெட்டியும் பின்னர் அதே வழியில் போயிற்று. தட்டிய எழுத்து உட்கோப்புறைகள் வரை போய்த் தேடிக் கலந்த ஒரு பட்டியலைக் கொண்டுவருகிறது. கோப்பு எங்கே என்று தெரியாதவருக்கு இது வரம். கோப்பு கண்முன்னே இருக்கிறது, நான்கு வரி கீழே போனால் போதும் என்பவருக்கு இது இடைஞ்சல். அவர் நின்ற கோப்புறையே மறைந்துபோகிறது. இரண்டு தேவைகளும் நியாயமானவை. ஒன்றுக்காக மற்றதைப் பலியிட வேண்டியதில்லை. தட்டிய எழுத்துகளுக்குப் பொருந்தும் கோப்பு இப்போதைய கோப்புறையில் இருந்தால் அதற்கு முதலில் தாவிவிட்டு, உட்கோப்புறைகளில் கிடைத்தவற்றைத் தனித் தலைப்பின் கீழ், பட்டியலின் அடியில் காட்டலாம். நின்ற இடம் அப்படியே இருக்கும், தேடலும் நடக்கும்.

பாதையை நேரே தட்டச்சு செய்வதும் இதைப் போலத்தான். கண்ட்ரோல், எல் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஜிடிகே பெட்டியில் பாதைக் கட்டம் திறக்கும்; சாய்கோட்டை அழுத்தினாலும் திறக்கும். தெரிந்தவருக்கு இது வேகமான வழி. தெரியாதவருக்கு அப்படி ஒரு வழி இருப்பதற்கான அறிகுறியே திரையில் இல்லை. பாதைப் பொத்தான்களின் வெற்றிடத்தைச் சொடுக்கினால் அதுவே தட்டச்சுக் கட்டமாக மாறும் ஏற்பாடு விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அங்கே இருக்கிறது, கேடிஇயிலும் இருக்கிறது. எங்கும் ஒரே விதமாக அது வர வேண்டும்.

சேமிக்கும் பெட்டியில் தவறு நேர்ந்தால் விலை அதிகம். திறக்கும் பெட்டியில் தவறான கோப்பைத் தொட்டால் மூடிவிட்டு மறுபடி திறக்கலாம்; சேமிக்கும் பெட்டியில் தவறினால் பழைய கோப்பு அழிந்துபோகும். அதே பெயரில் கோப்பு இருக்கும்போது எச்சரிக்கும் வசதி ஜிடிகே 2.8இல் வந்தது. ஆனால் அதைச் செயலி கேட்டால்தான் தரும். கேட்க மறந்த செயலியில் எச்சரிக்கை இல்லாமலே பழையது போய்விடும். ஜிடிகே 4 இந்த விருப்பத்தையே நீக்கி, எச்சரிக்கையை எப்போதும் வரும்படி செய்துவிட்டது. பாதுகாப்பானதை இயல்பாக வைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. எச்சரிக்கையின் வாசகம் இன்னும் மேம்பட இடமிருக்கிறது. ‘இந்தப் பெயரில் கோப்பு உள்ளது, மாற்றியெழுதவா?’ என்று கேட்பதோடு நிற்காமல், பழைய கோப்பின் தேதியையும் அளவையும் காட்ட வேண்டும். நேற்று மாலை சேமித்த 40 பக்கக் கட்டுரையா, போன வருடத்து வெற்றுக் கோப்பா என்று பார்த்தவுடன் தெரிந்தால்தான் மனிதர் முடிவெடுக்க முடியும். மூன்றாவது பொத்தானாக ‘வேறு பெயரில்’ என்பதும் அங்கேயே இருக்கலாம்.

ஜிடிகே 2.4இன் சேமிப்புப் பெட்டி முதலில் சுருங்கிய வடிவில்தான் வந்தது. பெயருக்கு ஒரு கட்டம், கோப்புறைக்கு ஒரு கீழிறங்கு பட்டியல், மற்ற கோப்புறைகளைப் பார்க்க ஒரு சிறு முக்கோணம். எளிமைக்காகச் செய்தது, ஆனால் அந்தக் கோப்புறையில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்பது அதில் தெரியாது. பதிப்பு எண் இட்டுச் சேமிப்பவருக்கு, முன்பு இட்ட பெயர் ‘வரைவு 3’ஆ ‘வரைவு 4’ஆ என்று பார்த்தால்தான் அடுத்த பெயர் தோன்றும். சேமிக்கும் பெட்டியில் பழைய கோப்புகளைக் காட்டுவது இதற்காகத்தான். அவற்றில் ஒன்றைச் சொடுக்கினால் அதன் பெயர் கட்டத்துக்குள் வந்து திருத்துவதற்கு ஏதுவாக இருக்க வேண்டும். பெயரைத் திருத்தும்போது முற்றுப்புள்ளிக்குப் பின் வரும் வகைக்குறிப்பு தெரிவில் சிக்காமல் நிற்க வேண்டும். புதிய கோப்புறை உண்டாக்கும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அளவும் தேதியும் திறக்கும் பெட்டியிலும் தெளிவாகத் தெரிய வேண்டியவை. இணையவழி விண்ணப்பத் தளங்கள் புகைப்படத்துக்கும் கையொப்பத்துக்கும் இத்தனை கேபி என்று வரம்பு வைக்கின்றன. ஒரே முகத்தின் நான்கு படங்களில் எது வரம்புக்குள் வரும் என்பதை, ஏற்றிவிட்டுத் தளம் மறுத்த பிறகு அறிவதைவிடப் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். செயலி இடும் வடிகட்டியும் தன்னைத் தெரிவிக்க வேண்டும். ‘படங்கள் மட்டும்’ என்ற வடிகட்டியால் பிடிஎஃப் கோப்பு மறைந்திருக்கும்போது, கோப்புறை காலியாக இருப்பதைப் போலக் காட்டுவது பொய் சொல்வதற்குச் சமம். ‘இங்கே 12 கோப்புகள் உள்ளன, இந்த வகையில் எதுவும் இல்லை’ என்ற ஒரு வரி, கோப்பு அழிந்துவிட்டதோ என்று பதறும் ஒருவரைக் காப்பாற்றும்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு மேலும் சில இன்னல்கள் உண்டு. இவை ஆங்கிலத்தில் வேலை செய்யும் நிரலாளரின் கண்ணில் படவே படாதவை. முதலாவது நீளம். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும்; புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியே மூன்று பைட். ‘தமிழ்நாடு’ என்ற ஐந்து எழுத்துச் சொல்லில் ஒன்பது குறியீடுகள், 27 பைட். அந்தச் சொல்லை இடைவெளி இல்லாமல் ஒன்பது முறை எழுதலாம். பத்தாம் முறைக்கு இடமில்லை. ஒரு தமிழ்க் கட்டுரையின் தலைப்பு அப்படியே கோப்புப் பெயராகும்போது இந்த வரம்பை எட்டுவது அரிதல்ல. அப்போது ‘பெயர் மிக நீளம்’ என்ற பிழைச்செய்தி சேமிக்க முயன்ற பிறகு வருவதைவிட, தட்டச்சு செய்யும்போதே எவ்வளவு இடம் மிச்சம் என்று கட்டம் காட்ட வேண்டும். செயலி முன்வைக்கும் பெயரைப் பெட்டி தானே சுருக்க நேர்ந்தால், எழுத்தின் நடுவே வெட்டக் கூடாது. மெய்யிலிருந்து கொம்பைப் பிரித்தால் புள்ளிவட்டத்தில் தொங்கும் உதிரிக் குறிதான் மிஞ்சும்.

இரண்டாவது, ஒரே தோற்றம் இரண்டு குறியீடு. ‘கோப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முதல் எழுத்தில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாக எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. மெக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது; லினக்ஸ் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்ந்த வடிவைத் தருகின்றன; எக்ஸ்ட்4 இயல்பாகப் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். ஆகவே பென் டிரைவில் வந்த கோப்பும் இங்கே உண்டாக்கிய கோப்பும் ஒரே கோப்புறையில், கண்ணுக்கு ஒரே பெயரோடு, இரண்டாக நிற்க முடியும். மாற்றியெழுதும் எச்சரிக்கை பைட்டை மட்டும் பார்த்தால் அது வாய்திறக்காது. தேடல், பெயரைத் தானே நிரப்புதல், எச்சரிக்கை மூன்றும் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

மூன்றாவது அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் ‘ன’ இருப்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ற’ இருப்பது ‘ர’வுக்கு அடுத்து, ‘ள’வுக்குப் பின்னால் ‘ழ’. தமிழ் நெடுங்கணக்கு அப்படி இல்லை. அங்கே ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்றுதான் முடியும். குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து அடுக்கினால் ‘மரம், மறதி, மலர்’ என்று வரும். தமிழ் படித்தவரின் கண் ‘மரம், மலர், மறதி’ என்று தேடும். ‘பள்ளி’ முன்னும் ‘பழம்’ பின்னும் வரும். தலைகீழாக வர வேண்டியது. தமிழுக்கான வரிசை விதிகள் வகுக்கப்பட்டுப் பொது நூலகங்களில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் பயனர் தெரிந்தெடுத்த இடைமுக மொழியோடு கட்டிவைக்கிறார்கள். தமிழில் கோப்பு வைப்பவர்களில் பலர் கணினியை ஆங்கில இடைமுகத்தில்தான் ஓட்டுகிறார்கள். பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்தின் வரிசையே அதற்குப் பொருந்த வேண்டும். பொத்தான்கள் எந்த மொழியில் இருந்தால் என்ன? ‘அத்தியாயம் 2’ என்பது ‘அத்தியாயம் 10’க்கு முன்னால் வர வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது, இதை ஜிடிகே முன்பே சரியாகச் செய்கிறது.

பெட்டியின் பொறுப்பு அண்மைக் காலத்தில் இன்னொரு வகையிலும் கூடியிருக்கிறது. ஃபிளாட்பேக் முறையில் நிறுவப்படும் செயலிகளை அடைப்புக்குள் ஓடும்படி அமைக்கலாம். அப்படி அமைத்தால் பயனரின் கோப்புகளைச் செயலி நேரே பார்க்க முடியாது. செயலி கேட்டதும் கணினியின் சார்பில் ‘போர்ட்டல்’ என்ற இடைநிரல் பெட்டியைக் காட்டும். பயனர் தொட்ட கோப்பு மட்டும் செயலியின் கைக்குப் போகும். தெரிவு செய்வதே அனுமதி தருவதாகிறது. மெக்கில் 2011இல் வந்த லயன் பதிப்பு முதல் இதே தத்துவம் ‘பவர்பாக்ஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. அனுமதி கேட்டுத் தனிச் சாளரங்களால் தொல்லை தராமல், மனிதர் எப்படியும் செய்யும் செயலையே அனுமதியாகக் கொள்வது மிக அழகான ஏற்பாடு. இதன் வழியாகவே செயலிக்கு ஒரு பெட்டி என்ற சிதறலும் தீரும். ஜிடிகேயின் மேல் ஓடும் ஃபயர்ஃபாக்ஸ் கூட, அமைப்பை மாற்றினால், கேடிஇயில் கேடிஇயின் பெட்டியைக் காட்டும். 2024 செப்டம்பரில் வந்த க்னோம் 47இல் போர்ட்டல் காட்டும் பெட்டியாகக் கோப்பு மேலாளரான நாட்டிலஸே வந்துவிட்டது. ஃபைண்டர் விலகிக்கொண்டதால் பிறந்த பெட்டி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கோப்பு மேலாளரிடமே திரும்பியிருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் நினைவின் சுமை இடம் மாறிவிட்டது. அடைப்புக்குள் இருக்கும் செயலிக்குக் கோப்பின் உண்மையான இடம் தெரியாது. அதற்குத் தெரிவது போர்ட்டல் தந்த மாற்றுப் பாதை மட்டும். அந்தப் புரியாத பாதையைச் செயலி தலைப்பில் காட்டினால் பயனர் குழம்புவார். கடைசியாகப் பயன்பட்ட கோப்புறையை இனிச் செயலியால் நினைவில் வைக்க முடியாதாகையால் போர்ட்டலே, செயலிவாரியாக, வேலைவாரியாக வைத்துக்கொள்ள வேண்டும். திரைப்படக் கோப்பைத் திறந்தால் அதே கோப்புறையில் இருக்கும் வசனக் கோப்பு அடைப்புக்கு வெளியே நின்றுவிடுகிறது. வலைப்பக்கக் கோப்பைத் திறந்தால் அதன் படங்கள் நின்றுவிடுகின்றன. ‘இந்தக் கோப்புறையின் துணைக்கோப்புகளையும் சேர்த்து’ என்று பயனர் ஒரே தொடுதலில் சொல்லும் வழி பெட்டிக்குள் வர வேண்டும்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் ஆர்கா திரைவாசிப்பான், கோப்பின் பெயரோடு வகை, தேதி, பட்டியலில் எத்தனையாவது என்பதையும் படிக்கும்படி பெட்டி விவரம் தர வேண்டும். வலைப்பின்னலில் உள்ள கோப்புறை மெதுவாகத் திறக்கும்போது முழுப் பெட்டியும் உறைந்து நிற்கக் கூடாது. ‘ரத்து’ பொத்தான் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். பெட்டியின் அளவை ஒருமுறை பெரிதாக்கினால் அடுத்த முறையும் அது அப்படியே வர வேண்டும்.

இவற்றில் எது முதலில் என்று முடிவு செய்ய நீண்ட விவாதம் தேவையில்லை; பயனர்களைக் கவனித்தாலே போதும். 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் க்னோம் 1.4ஐ உண்மையான பயனர்கள் முன் வைத்துப் பார்த்தது. அடுத்த ஆண்டு க்னோமின் முதல் இடைமுக வழிகாட்டி வெளிவந்தது. பெரிய குறைகளைக் கண்டறிய ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். ஒரு படத்தை மின்னஞ்சலில் இணைப்பது, ஒரு கட்டுரையைப் புதிய பெயரில் சேமிப்பது, நேற்று இறக்கிய பிடிஎஃப்பைக் கண்டுபிடிப்பது என்று மூன்று வேலைகளைக் கொடுத்து, குறுக்கிடாமல் பக்கத்தில் அமர்ந்து பார்க்க ஒரு பிற்பகல் போதும். அடுத்த வெளியீட்டுக்கு முன் அந்தப் பிற்பகலை ஒதுக்குமாறு எல்லாக் குழுக்களையும் வேண்டுகிறது இந்த மடல். அந்த ஐந்து பேரில் ஒருவராவது தம் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவராக இருக்கட்டும்.